ஆவுளியா எந்தக் குரலில் பேசும்? ஏஐ கொண்டு பேசும் பாத்திரம் செய்வது எப்படி

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இது தொடங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தெருவெல்லாம் வலை பின்னுகிறவர்களும் விடுமுறைப் பிள்ளைகளுமாக இருக்கும். நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். மாலையில் நாலைந்து பிள்ளைகள் என் கடையில் வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் போனில் ஒரு பூனை பேசுகிற வீடியோவைக் காட்டி, "அண்ணே, இதே மாதிரி நம்ம ஆவுளியாவப் பேச வைக்கலாமா?" என்று கேட்டாள்.

ஆவுளியா என்றால் கடல்பசு. மீன் போலத் தெரியும், ஆனால் பாலூட்டி. கடல்புல்லை மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டியைத் தாண்டினால் அந்தக் கடல்தான். இதையெல்லாம் ஆவுளியாவே சொன்னால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று எனக்கும் பட்டது. செய்யலாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் படத்தில் தொடங்கினேன். அதுதான் தவறு. பத்து நாள் படத்தை மெருகேற்றிவிட்டு, கடைசியில் ஒரு கணினிக் குரலை ஒட்டினேன். தோல் சுருக்கம், கண்ணின் ஈரம், தண்ணீரில் ஒளி விழுவது எல்லாம் அழகாக இருந்தன. வாயும் அசைந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. ஒருத்தி மட்டும், "இது நியூஸ் வாசிக்குது" என்றாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: குரலை முதலில் முடியுங்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை குரலைக் கேட்டுத்தான் முகத்தை அசைக்கின்றன. குரலில் உயிர் இல்லாவிட்டால் முகத்தில் வராது.

மூன்று வேலைகள்

பேசும் பாத்திரம் என்பது மூன்று வேலைகள் சேர்ந்தது: ஓர் உருவம், ஒரு குரல், குரலுக்கேற்ற அசைவு. மூன்றையும் ஏஐ கொண்டு செய்யலாம். ஒன்றை மட்டும் ஏஐயிடம் விட்டுவிட்டு மற்றதைக் கையால் செய்யவும் செய்யலாம்.

தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே ராமனுக்கும் பேசுவார், சூர்ப்பனகைக்கும் பேசுவார். பாவையின் உதடு அசையாது. பேசுகிற பாவையின் கையை மட்டும் ஆட்டுவார். இருந்தும் எது பேசுகிறது என்று நமக்குச் சந்தேகமே வராது. குரல் மாறுகிறது, அதே கணத்தில் கை அசைகிறது, நம் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஏஐ கருவி செய்வதும் அதே முடிச்சுதான், உதடு வரைக்கும் போய்ச் செய்கிறது.

உதட்டுக்குக் குரல் எப்படித் தெரிகிறது

கருவிக்கு நாம் ஓர் ஒலிக்கோப்பைக் கொடுக்கிறோம். அது அந்த ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒரு படம்போல மாற்றிக்கொள்ளும். மனிதர்கள் பேசும் வீடியோக்களை மணிக்கணக்கில் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருப்பதால், இந்த ஒலிப்படம் வந்தால் வாய் இந்த வடிவில் இருக்கும் என்று அதற்கு ஒரு கணிப்பு உண்டு. அந்த வடிவை முகத்தில் வரையும். அடுத்த துண்டு, அடுத்த வடிவம். வினாடிக்கு 25 படம் வீதம் ஓட்டினால் பேச்சு.

இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்பட்ட வேலை ஒன்று நம் நாட்டிலிருந்து வந்தது. ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட வேவ்டூலிப். அதன் யோசனை அழகானது. முதலில் ஒரு நடுவரைப் பழக்கினார்கள், ஆள் இல்லை, ஒரு கணினி நிரல். முகத்தின் 0.2 வினாடி வீடியோவையும் ஓர் ஒலியையும் காட்டினால் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் நடுவர். பிறகு, முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டு ஒலியைக் கேட்டு அதை வரையும் ஓவியரைப் பழக்கினார்கள், அதுவும் நிரல்தான். ஓவியர் தவறாக வரைந்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். நடுவர் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஓவியர் தேறும்வரை இது நடக்கும். வேவ்டூலிப் ஆங்கிலப் பேச்சு வீடியோக்களில் பழகியது. ஆனாலும் தமிழுக்கு ஓரளவு நன்றாகவே உதடு அசைக்கிறது, ஏனென்றால் அது எழுத்தைப் படிப்பதில்லை, ஓசையைக் கேட்கிறது. அதன் குறை, முகத்தை 96 புள்ளிக்கு 96 புள்ளி என்ற சின்ன அளவில் கையாள்வது. பெரிய திரையில் வாய்ப்பகுதி மட்டும் மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

2023இல் வந்த சாட்டாக்கர் என்ற கருவி வேறு வழியில் போனது. ஒரே ஒரு புகைப்படத்திலிருந்து முகத்தின் முப்பரிமாண அமைப்பைக் கணித்து, தலை எப்படித் திரும்பும், முகபாவம் எப்படி மாறும் என்பதைக் குரலிலிருந்து தனித்தனியே வரவைக்கும். இன்று இணையத்தில் சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஹெய்ஜென், டி-ஐடி போன்ற சேவைகளில் இந்த வேலையெல்லாம் ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. 2025இல் கூகுள் வெளியிட்ட வியோ 3 இன்னும் ஒரு படி மேலே போய், எழுதிக் கொடுத்தால் காட்சியையும் குரலையும் சேர்த்தே உருவாக்குகிறது. பார்க்க வியப்பாக இருக்கும். ஆனால் நம் ஊர்ப் பாத்திரத்துக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை. குரல் அதனுடையதாகிவிடுகிறது. நமக்கு வேண்டியது பாம்பன் குரல்.

ப, ம, வ

தமிழில் உதட்டசைவைப் பற்றி யோசிக்க நமக்குப் பழைய துணை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து பிறக்கும். ப, ம இரண்டும் இதழ் இயைந்து பிறக்கும். வ என்பது மேற்பல்லும் இதழும் சேரப் பிறக்கும். அனிமேஷன் செய்கிறவருக்கு வேண்டிய உதட்டு அட்டவணை கிட்டத்தட்ட இதற்குள்ளேயே இருக்கிறது.

இதிலிருந்து ஒரு நிம்மதி கிடைக்கிறது. தமிழின் ழ, ள, ண, ற எல்லாம் நாக்கின் வேலை, வாய்க்குள்ளே நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ல-வுக்கும் ள-வுக்கும் உதட்டில் வித்தியாசம் தெரியாது. எனவே 'கருவிக்கு ழகரம் வருமா' என்று உதட்டசைவுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அது குரலில் சரியாக இருந்தால் போதும். கண் பிடித்துக்கொள்வது இரண்டே இடங்களை: உதடு ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டியதா, குவிய வேண்டிய இடத்தில் குவிந்ததா.

ஒரு கருவி தமிழைச் சரியாகப் பிடிக்கிறதா என்று சோதிக்க நான் இரண்டு குறள்களை வைத்திருக்கிறேன். இரண்டும் துறவு அதிகாரத்தில் இருக்கின்றன, ஒன்று முதல் குறள், மற்றது கடைசிக் குறள். 341ஆவது குறள்: "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்." இதைச் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரு தடவைகூட ஒட்டாது. 'நோ' என்கிற ஓரிடத்தில் மட்டும் குவியும். 350ஆவது குறள்: "பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு." இதில் ஆறு இடத்தில் உதடு ஒட்டியாக வேண்டும், 'வி' வரும்போது மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இரண்டையும் உங்கள் குரலில் பதிவு செய்து கருவியிடம் கொடுங்கள். ஒலியை அணைத்துவிட்டு உதட்டை மட்டும் பாருங்கள். முதல் குறளில் வாய் மூடினாலோ, இரண்டாவதில் ஆறு தடவைக்குக் குறைவாக மூடினாலோ, அந்தக் கருவி வாயைச் சும்மா அசைத்துக்கொண்டிருக்கிறது. அரை நிமிட வேலை. சந்தா கட்டுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தவறான உதடு, சரியான ஒலியையும் கெடுத்துவிடும். ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 1976இல் வெளியிட்ட சோதனை இதற்குப் புகழ்பெற்றது. 'பா' என்ற ஒலியை, 'கா' என்று சொல்லும் வாயோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்கு இரண்டும் இல்லாமல் 'டா' என்று கேட்டது. காது கேட்பதைக் கண்ணும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. ஆவுளியா 'பாசி' என்று சொல்லும்போது வாய் திறந்தே இருந்தால், கேட்கிற பிள்ளைக்கு ஏதோ உறுத்தும். என்ன உறுத்துகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

எழுத்தைப் பார்த்து உதட்டை முடிவு செய்யாதீர்கள். நான் தடுக்கி விழுந்த இடம் அது. 'மூச்சு முட்டிப் போயிரும்' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்தால் மூ, மு, ப்போ, கடைசி ம் என்று நான்கு இடத்தில் உதடு ஒட்ட வேண்டும். நான் அப்படியே கையால் நான்கு மூடல் வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் கடைசிச் சொல்லில் ஏதோ பொய்யாக இருந்தது. பிறகு பேசியவரின் வாயைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேச்சில் கடைசி மகரம் ஒட்டுவதே இல்லை. 'போயிரு' என்று மூக்கில் இழுத்து விட்டுவிடுகிறோம். மரம், பணம், வரும், போகும் எல்லாமே அப்படித்தான். பேச்சுத் தமிழில் அந்த ம் மூக்கொலியாகிவிடும், உதடு குவிந்து நின்றுவிடும். மூன்று மூடல்தான். கடைசி ஒன்றை எடுத்ததும் வரி உயிர்பெற்றுவிட்டது.

ஒலி முந்தலாமா, பிந்தலாமா

கரையில் நின்றுகொண்டு தூரத்தில் ஒருவர் வள்ளத்தில் ஆணி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியல் பலகையில் விழுந்த பிறகுதான் சத்தம் வரும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி நின்றால் அரை வினாடி தாமதம். நம் மூளை பிறந்ததிலிருந்து இதற்குப் பழகியிருக்கிறது: ஒலி பிந்தி வரலாம், முந்தி வரவே வராது.

ஒளிபரப்புத் துறைக்கான பன்னாட்டுப் பரிந்துரையிலும் இதே கணக்கு இருக்கிறது. ஒலி படத்தை 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கிவிடும். பிந்தினால் 125 மில்லிவினாடி வரை பெரும்பாலும் தெரியாது. வினாடிக்கு 25 படம் என்றால் ஒரு படம் 40 மில்லிவினாடி. ஆகவே இரண்டு படம் அளவுக்கு ஒலி முந்தினால் வேலை கெட்டுவிடும். எடிட்டிங்கில் சந்தேகமாக இருந்தால் குரலை ஒரு படம் பின்னால் தள்ளி வையுங்கள், முன்னால் இழுக்காதீர்கள்.

குரல் பதிவு

எங்கள் தெருவில் பாசிக்குப் போகும் அப்பத்தா ஒருவர் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே தீவுகளைச் சுற்றிய கடலில் முங்கிப் பாசி எடுத்தவர். கூர்மையான பாறை கையைக் கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு போவார். ஆவுளியாவும் தாய், மூச்சடக்கி முங்குகிற உயிர். இந்த இரண்டும் சேர்ந்து எனக்குத் தோன்றியபோது, வேறு குரல் தேட வேண்டியிருக்கவில்லை. வசனத்தை நான் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதைக் கேட்டுவிட்டுத் தன் வாயால் சொன்னது இப்படி:

"ஏ பயலுகளா, நான் மீனு இல்லப்பா. மூச்சு வாங்க மேல வரணும். ஒங்க வலையில மாட்டுனேன்னா கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டிப் போயிரும். அறுத்து விட்டுருங்கய்யா."

நான் எழுதியதில் 'ஐயா'வும் இல்லை, 'அறுத்து'வும் இல்லை. அந்தக் கடைசி 'யா'வில் ஒரு கெஞ்சல் இருக்கிறது. அதை எந்தக் கணினிக் குரலிலும் நான் கேட்டதில்லை.

பதிவுக்கு விலையுயர்ந்த மைக் தேவையில்லை, சாதாரண போனே போதும். காற்றுதான் எதிரி. எங்கள் கரையில் வாடையோ கச்சானோ ஏதாவதொன்று அடித்துக்கொண்டே இருக்கும். குரலில் ஏறிய காற்றிரைச்சலைப் பிறகு சுத்தமாக எடுக்க முடியாது. எனவே வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவு ஜன்னலில் கனமான போர்வை தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே வைத்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதி 'டப்' என்று கேட்கும். அலைச்சத்தத்தைத் தனியே கடற்கரையில் பதிவு செய்து, பிறகு குரலுக்கு அடியில் மெல்லியதாகப் போடுங்கள். உதட்டசைவுக் கருவிக்கு அனுப்பும்போது அலை சேராத வெறும் குரலை மட்டும் அனுப்புங்கள். பின்னணிச் சத்தம் இருந்தால் அதுவும் பேச்சு என்று நினைத்து வாயை அசைத்துவிடும்.

இன்னொன்றும் செய்துவிட்டேன். இரைச்சல் நீக்கும் ஏஐ ஒன்றில் பதிவைப் போட்டேன். குரல் கண்ணாடிபோலத் துலங்கியது. ஆனால் வரிகளுக்கு நடுவே அப்பத்தா இழுத்த மூச்சையும் அது இரைச்சல் என்று எண்ணி அழித்துவிட்டது. மூச்சு வாங்காமல் பேசுகிற குரலைக் கேட்பது சங்கடமாக இருந்தது. அதுவும் மூச்சைப் பற்றிப் பேசுகிற வசனத்தில். பழைய பதிவுக்கே திரும்பினேன், லேசான இரைச்சலோடு. ஆவுளியாவின் நாசி மூக்குநுனியின் மேல்பக்கம் இருக்கும், முங்கும்போது மூடிக்கொள்ளும், மேலே வந்தால் திறக்கும். அப்பத்தாவின் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த நாசி திறக்கும்படி செய்தோம். பார்ப்பவர்களுக்கு நிஜம் போலத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

ஆள் கிடைக்காமல் கணினிக் குரல்தான் வேண்டும் என்றால், தமிழுக்கு இன்று பல வழிகள் இருக்கின்றன. இலெவன்லேப்ஸ் போன்ற வணிகச் சேவைகளும் தமிழ் பேசுகின்றன, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் வெளியிட்டிருக்கும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஏஐ மாதிரிகளும் இருக்கின்றன. எழுத்துத் தமிழை நன்றாக வாசிக்கும். பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்தால் சில இடத்தில் தடுமாறும். நம் எழுத்தில் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் வடமொழி, ஆங்கிலச் சொற்களில் தவறு வரலாம். எண்களைச் சொல்லாக எழுதிக் கொடுங்கள். நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

ஆவுளியாவிடம் முகம் இல்லை என்றது கருவி

மனித முகமாக இருந்தால் வேலை எளிது. நேராகப் பார்க்கும் படம், வாய் லேசாக மூடியிருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது, வாய்மேல் கையோ நிழலோ விழக் கூடாது. படத்தையும் ஒலியையும் ஏற்றினால் சில நிமிடத்தில் வீடியோ வந்துவிடும். முதல் சோதனைக்குப் பத்து வினாடி ஒலி போதும்.

விலங்குக்குத்தான் சிக்கல். இந்தக் கருவிகள் முதலில் படத்தில் கண், மூக்கு, வாய் எங்கே என்று புள்ளி வைத்துத் தேடும். சிலவற்றில் 68 புள்ளி, கூகுளின் மீடியாபைப்பில் 468 புள்ளி. புள்ளியெல்லாம் மனித முகத்தில் பழகியவை. ஆவுளியாவின் வாயோ தரைப் புல்லை மேய்வதற்காகக் கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது, மேலுதடு தடித்துத் தொங்குகிறது, கண் பக்கவாட்டில் சின்னதாக இருக்கிறது. ஒரு கருவி 'முகம் கண்டறியப்படவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டது. இன்னொன்று ஏற்றுக்கொண்டு, உதட்டுக்குள் மனிதப் பல்வரிசையை வைத்துவிட்டது. பிள்ளைகளில் ஒருவன் பயந்துபோனான்.

அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார்: ஓர் உருவம் மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், ஆனால் மிக நெருங்கி, முழுதாக ஒத்துவராத ஓரிடத்தில் சட்டென்று அருவருப்பு வரும். அதை ஒரு பள்ளத்தாக்கு என்றார். புகைப்படம் போன்ற ஆவுளியாவுக்கு மனித வாய் வைத்தது எங்களை நேராக அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. கார்ட்டூனாகவே வரைந்திருந்தால் பல்வரிசை வந்திருந்தாலும் யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கையால் வரைவதற்கு வந்தோம். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கருவியைச் சொல்ல வேண்டும். ரூபார்ப் லிப் சிங்க் என்று ஒன்று, இலவசம், திறந்த மூலம். அது படத்தைத் தொடாது. ஒலிக்கோப்பைக் கேட்டு, எந்த நொடியில் எந்த வாய்வடிவம் என்று ஒரு பட்டியல் மட்டும் தரும். அடிப்படை வடிவம் ஆறுதான். உதடு மூடியது, லேசாகத் திறந்தது, நடுத்தரமாகத் திறந்தது, அகலத் திறந்தது, சற்றே குவிந்தது, நன்றாகக் குவிந்தது. வேண்டுமானால் பல் கீழுதட்டைத் தொடும் வடிவம், நாக்கு உயர்ந்த வடிவம், ஓய்வு வாய் என்று இன்னும் மூன்று சேர்க்கலாம். நம் வகரத்துக்குப் பல் தொடும் வடிவம் கட்டாயம் வேண்டும் என்பேன். அதில் பேச்சைப் புரிந்துகொள்ள இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஆங்கிலத்துக்கு, மற்றது எந்த மொழிக்கும். தமிழுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். தானாக ஆங்கில முறையில் ஓடவிட்டுவிட்டு, தமிழுக்கு வரவில்லை என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் ஏழு தாளில் ஏழு ஆவுளியா வாய் வரைந்தார்கள். ஸ்கேன் செய்து, ப்ளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் அந்தப் பட்டியல்படி மாற்றி மாற்றி வைத்தோம். இரண்டு மாலை போதுமானதாக இருந்தது. கண்ணிமையைத் தனியே வரைந்துகொண்டோம். மனிதர் நிமிடத்துக்கு ஏறக்குறைய பதினைந்து இருபது தடவை இமைக்கிறார்கள், ஆனால் தாளம் தவறாத இடைவெளியில் இமைப்பதில்லை. வாக்கியம் முடியும் இடத்தில், பார்வையைத் திருப்பும் இடத்தில் இமைக்க விடுங்கள். நான்கு வினாடிக்கு ஒருமுறை என்று இயந்திரம்போல வைத்தால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும்.

யாருடைய முகம், யாருடைய குரல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். குரலை நகல் எடுக்கும் கருவிக்குச் சிறிது நேரப் பதிவே போதும். அப்பத்தாவின் பதிவு என் கையில் இருக்கிறது. அவர் சொல்லாத எதையும் அந்தக் குரலில் என்னால் சொல்லவைக்க முடியும். அதனால்தான் பதிவு செய்வதற்கு முன்பே, இது எதற்கு, எங்கே காட்டுவோம் என்று சொல்லிக் கேட்டேன். குரல் நகல் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். வீட்டு ஆள் கடலிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். மகன் குரலில் ஒரு வாட்ஸ்அப் பதிவு வந்தால் நம்பிப் பணம் அனுப்பிவிடுவார்கள். கணினி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சட்டத்துக்கு முன்னால் அந்தத் தாயின் நிலைமையை நினையுங்கள்.

கலாம் ஐயாவைப் பேச வைக்கலாமா என்று எங்கள் ஊரில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்து, 2015இல் மறைந்து, இன்று பேக்கரும்பில் உறங்குகிற மனிதர். பிள்ளைகள்மேல் அவருக்கிருந்த பாசம் ஊருக்கே தெரியும். ஆசை புரிகிறது. ஆனால் நான் செய்வதில்லை. அவர் பேசிய பதிவுகள் நிறையவே இருக்கின்றன, அவற்றைப் போட்டுக் காட்டலாம். அவர் சொல்லாத வாக்கியத்தை அவர் வாயில் வைத்தால், பத்து வருடம் கழித்துப் பார்க்கிற பிள்ளைக்கு எது அவர் சொன்னது என்று எப்படித் தெரியும்?

இந்தக் கரையில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. வானிலை. அதிகாரிபோலத் தோன்றும் ஒரு முகம் 'இன்று கடலுக்குப் போகலாம்' என்று சொல்லும் வீடியோவை விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போன ஊர் இது. எச்சரிக்கை என்ற பெயரில் பொய் உலாவினால், அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் செய்வது நிஜமென்று மயங்கும்படி இருந்தால், ஏஐ கொண்டு செய்தது என்று வீடியோவிலேயே எழுதிவிடுங்கள். யூடியூப் 2024 முதல் ஏற்றும்போதே இதைக் கேட்கிறது. கார்ட்டூன் ஆவுளியாவுக்கு அது தேவைப்படாது. நாங்கள் எழுதினோம், குரல் கொடுத்தவர் பாசி எடுக்கும் ஒரு பெண் என்பதையும் சேர்த்து.

முடித்த வீடியோவை அப்பத்தாவுக்கு முதலில் போட்டுக் காட்டினோம். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். உதட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மேல வந்து மூச்சு விட்டா புசுக்குனு தண்ணி தெறிக்கும்பா. அதக் காணமே" என்றார். மறுநாள் பிள்ளைகள் நான்கு தாளில் அந்தத் தெறிப்பை வரைந்தார்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருமுறை ஓடும்படி வைத்தோம்.